கழுவாத சேறு

ஜூன் 3, திங்கள்

இன்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், விரலில் என்ன கறுப்பு என்று. ஆய்வகத்தில் முப்பத்தெட்டு வருடம் கையை விட்டு வேலை பார்க்கிறவளுக்கு விரல் கறுக்காமல் மருதாணியா சிவந்திருக்கும்? சில்வர் நைட்ரேட். பட்டவுடன் தெரியாது. வெயிலில் போனதும் கறுத்துவிடும். அந்தத் தோல் உரிந்தால்தான் போகும்.

கடற்சேற்றில் உப்புப் போய்விட்டதா என்று பார்க்க அந்தச் சொட்டு வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் சேற்றை அலசி, அலசிய நீரில் ஒரு சொட்டு விட்டால் பாலாக வெளுக்கும். வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. வெளுக்காமல் போகும்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரலும் மேயும் இதே வேலையாகப் போயிற்று. அறுபது மாதிரிகள்.

பதினொரு மணிக்கு இயக்குநர் கோதண்டராமன் கூப்பிட்டார். எங்கள் கடல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டாக்டர் குழைக்காதனுக்கு எழுபத்தைந்து வயது, நிலையத்தில் பவள விழா, விழா மலரும் போடுகிறார்கள். "கடலின் நுண்சேற்றைப் புரிந்துகொள்வதில் டாக்டர் குழைக்காதனின் பங்களிப்பு" என்று நான் எழுத வேண்டுமாம்.

"நீங்கதான் மேடம் அவர்கூட ரொம்ப வருஷம் இருந்தவங்க. ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் உணர்ச்சியா இருக்கட்டும்."

உணர்ச்சிக்கு என்ன குறைச்சல். அதை அச்சடிக்கத்தான் இவர்களால் முடியாது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜூலை 31 எனக்குக் கடைசி நாள். அதுவரை எல்லாவற்றுக்கும் சரி சார்தான்.

ஜூன் 4, செவ்வாய்

எழுதவில்லை. புளி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு வந்தது:

"நல்ல தண்ணீரில் களிமண் துகள்கள் தனித்தனியாக மிதக்கும். உப்புத் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி, பாரம் தாங்காமல் விரைவாக இறங்கிவிடும். முன்பெல்லாம் ஆய்வகத்தில் உப்பை அலசிவிட்டு, திரள்களை உடைக்க மருந்தும் ஊற்றி, சேறு இறங்கும் நேரத்தை அளந்தார்கள். துகளின் அளவை அறிய அது சரியான முறை. ஆனால் கடலில் சேறு எங்கே போய் விழும் என்று அறிய அது உதவாது, ஏனென்றால் கடலை யாரும் அலசி வைப்பதில்லை. இதை நமக்குக் காட்டியவர் டாக்டர் குழைக்காதன்."

கடைசி வரியில் பேனாவை வைத்துவிட்டேன். காட்டியவர் டாக்டர் குழைக்காதனாம்!

1998 ஆகஸ்டில் எங்கள் ஊர் முத்தந்துறைக்கு நான்கு நாள் தண்ணீர் லாரி வரவில்லை. வடிக்கத் தண்ணீர் இல்லை, மாதிரிகளோ வரிசையில் நிற்கின்றன. நான் கடல்தண்ணீரிலேயே சேற்றைக் கலக்கி ஒரு லிட்டர் கண்ணாடி சிலிண்டரில் விட்டேன். எட்டு மணி நேரம் கலங்கி நிற்க வேண்டியது முக்கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. கண்டது நான். கட்டுரை வந்தது அவர் பெயரில். கடைசிப் பக்கத்தில் பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருந்தார். வள்ளம் ஓட்டியவர் இருந்தார், தட்டச்சு செய்தவர் இருந்தார், நான் இல்லை.

அந்த வருடத்து டைரி பரணில்தான் கிடக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு ஒரு நிமிடம் விடாமல் நினைவிருக்கிறது.

நியாயத்துக்கு இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த மனிதர் வள்ளத்தில் போய்க் கண்ணாடிக் குழாயை இறக்கி, கடலுக்குள்ளேயே சேறு விழும் நேரத்தை அளந்தார். தரையில் பிறந்தவர், கடல் ஒத்துக்கொள்ளாது. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், தலை வள்ளத்துக்கு வெளியே வாந்தி. ஆற்றுமுகத்தில் மழைக்காலத்துக்கு ஒரு வேகம், கோடைக்கு ஒரு வேகம் என்று அட்டவணை போட்டார். கடற்பூச்சிகளின் கோழை அந்தத் திரளுக்குப் பசையாக இருக்கிறது என்று காட்டினார். அதெல்லாம் அவருடையதுதான். முதல் சிலிண்டர் என்னுடையது.

ஜூன் 15, சனி

காலையில் தம்பி சூசை வந்தான். பக்கத்து வீட்டிலிருந்து வருவதற்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், அப்போதே தெரிந்தது ஏதோ விஷயம் என்று. கையில் ஒரு நோட்டீஸ். தெற்கே தனியார் இறங்குதுறை வருகிறது, கப்பல் வரக் கடலை ஆழப்படுத்துகிறார்கள். தோண்டுகிற சேற்றைக் கொட்டும் இடம் எங்கள் ஆட்கள் தூண்டில் போடும் வெள்ளைக்கல் பாருக்கு இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலை 30 கருத்துக் கேட்புக் கூட்டம்.

"எக்கா, ஒங்க ஆபீசுலதான் எழுதிக் குடுத்திருக்காவளாம். கொட்டுத சேறு ஒரு நாளைக்கு மேல மெதந்து, நீரோட்டத்துல ஆழத்துக்குப் போயிருமாம். பாருல ஒரு பொடி விழாதாம். நெசமா?"

"நா பாக்கணும்ல."

"நீதான சேறு ஆளு? போவுமா போவாதா, அத மட்டும் சொல்லு."

"விசாரிச்சுச் சொல்லுதேன்."

அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தான். பார் என்றால் கடலுக்கடியில் கல்தரை. கல்லில் பாசி, பாசியை நம்பி மீன், கலவாயும் விளமீனும். அதன்மேல் சேறு படிந்தால் மீன் ஒரு மழைக்காலம்கூடத் தங்காது. சூசைக்கு வேறு கடல் தெரியாது.

நோட்டீசின் அடியில் ஆலோசகர் பெயர் போட்டிருந்தது. டாக்டர் அ. குழைக்காதன்.

ஜூன் 17, திங்கள்

நூலகத்தில் அறிக்கையை முழுவதும் படித்தேன். இருநூற்றுப் பத்துப் பக்கம். பதினாலாவது அட்டவணையில்தான் எல்லாம் இருக்கிறது, சேறு இறங்கும் வேகம். எல்லாம் கழுவிய சேற்றின் கணக்கு. உப்பை எடுத்து, திரளை உடைத்து, எட்டு மணி நேரம் மிதக்கவைத்த கணக்கு. அதை அப்படியே கடலுக்குப் பொருத்தி, "ஆழ்கடலுக்குச் சென்றுவிடும்" என்று முடித்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

அதற்கு மேலே அவர் கையெழுத்து. எந்தத் தப்பைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு மாலை போடப்போகிறார்களோ, அதே தப்பில் அவர் கையெழுத்து! ஊருக்குத்தான் உபதேசம். எழுபத்தைந்து வயதில் இது என்ன பிழைப்பு? அறிக்கையைப் படீரென்று மூடினேன். நூலகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அட்டவணையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு பெயர் உண்டு. அது இப்போது முக்கியமில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இயக்குநரிடம் போனேன்.

"சார், பதினாலாவது அட்டவணை தப்பு."

"எப்படி மேடம்? வழக்கமான முறைதானே? வேலைத்தாள்ல அப்படித்தானே உங்களுக்கு எழுதி அனுப்பினேன்?"

"அந்த வழக்கமான முறை இதுக்கு ஆகாதுன்னு சொன்னதுக்குத்தான் சார் நாம அவருக்கு விழா எடுக்கோம்."

"அவரே கையெழுத்துப் போட்டிருக்கார் மேடம். அவருக்கு மேல நானா?" பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு அடுத்த மாசம் முடியுது. பேப்பரெல்லாம் கிளியரா போகட்டும். கட்டுரை எந்த அளவுல இருக்கு?" என்றார்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர். கட்டுரை நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

எலுமிச்சம்பழம், கல்உப்பு, சோப்பு. விரல் கறுப்புப் போகவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பூசை முடிந்து பேருந்து நிலையம்வரை போனேன். டாக்டர் வீடு இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். நேரே போய் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஏறவில்லை. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "ஏம்மா, பெரிய எடத்து விசயம்" என்பார். அதைக் கேட்க நாற்பது ரூபாய் டிக்கெட்டா?

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். கருகிவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

சூசை பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. இன்று அவன் மனைவி லூர்து என் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் சட்டி. எங்கள் தெருவில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லையென்றால் நாலு மிளகாயாவது, ஒரு கைப்பிடிச் சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். இவள் கழுவித் துடைத்து, பளபளவென்று வைத்துவிட்டுப் போனாள்.

"ஏன் லூர்து, வீட்ல ஒண்ணும் இல்லியா?"

"இருக்கு மைனி," என்றாள். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? வேலைத்தாளில் கேட்டிருந்ததைச் செய்தேன். மேலே பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளின் தலைப்பில் ஆலோசகர் குழைக்காதன் என்று அச்சிட்டிருந்தது. அவருக்குத் தெரியாத சேறா? அவர் சரி என்றால் நான் யார்? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். அறுபது மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு தரம் அலசல். ஒவ்வொரு தரமும் நினைத்தேன்.

சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். கண்ணில் படவேண்டாம்.

ஜூலை 5, வெள்ளி

கட்டுரையைக் கொடுத்தேன். அதோடு ஒரு யோசனையும் சொன்னேன். மேடையில் இரண்டு சிலிண்டர் வைக்கலாம் சார், ஒன்றில் கழுவிய சேறு, ஒன்றில் கழுவாத சேறு, டாக்டர் கண்டுபிடித்ததை எல்லாரும் கண்ணால் பார்க்கலாம்.

"சூப்பர் மேடம். மேடைக்கு அழகா இருக்கும். பக்கத்துல ரெண்டு பூச்சட்டி வச்சிரலாம்."

வைக்கட்டும். ரோஜா வைத்தாலும் சரி, செவ்வந்தி வைத்தாலும் சரி.

ஜூலை 12, வெள்ளி

இறங்குதுறை வேலைக்கு வந்த மாதிரிகளில் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. அதையே எடுத்து இன்று ஒத்திகை பார்த்தேன். கழுவியது மாலைவரை கலங்கியே நின்றது. கழுவாதது நாற்பத்தொன்பது நிமிடத்தில் தெளிந்தது. இதைப் பார்க்க எனக்கு எந்தப் பேராசிரியரும் வேண்டாம். ஆனாலும் பார்த்தபோது முகம் சுட்டது.

விழாவுக்குப் பாரிலிருந்தே தண்ணீர் வேண்டும். சூசை வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஒரு கேன் தண்ணி கொண்டாந்து தருவியா? வெள்ளைக்கல் பாருல மோந்தது."

"எதுக்கு?"

"நீ கேட்டேல்லா, போவுமா போவாதான்னு. அதுக்கு."

"வாயால சொல்ல மாட்டியோ?" என்றான். ஆனால் கேனை வாங்கிக்கொண்டான்.

ஜூலை 19, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். பின்னால் மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சூசை தண்ணீர்க் கேனை மேடைவரை தூக்கிவந்து வைத்துவிட்டு, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். டாக்டர் வேட்டி சட்டையில் வந்தார். மெலிந்திருந்தார். "என்னம்மா ஜெசிந்தா, நல்லாருக்கியா?" என்றார். "இருக்கேன் சார்" என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து இருபதுக்கு இறைவணக்கப் பாட்டு தொடங்கியது. இரண்டு சிலிண்டரையும் வாயை மூடிக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கி மேசையில் வைத்தேன். இரண்டும் டீ நிறத்தில் ஒரே மாதிரி இருந்தன. இருபக்கமும் பூச்சட்டி.

பிறகு பேச்சு. வரவேற்புரை, தலைமையுரை, முன்னாள் மாணவர் ஒருவர், அவர் வெளிநாட்டில் கண்டதெல்லாம். எங்கள் ஊர் மேடைப் பேச்சுக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன், அவர்கள் பேசப் பேசச் சேறு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது சிலிண்டரில் சின்னச் சின்னத் திரளாகக் கட்டி மளமளவென்று இறங்கியது. மேலே ஒரு விரல் அளவு தெளிந்தது, பிறகு ஒரு சாண். மக்கள் பேச்சாளரை விட்டுவிட்டுச் சிலிண்டரைப் பார்க்கத் தொடங்கினார்கள். இடது சிலிண்டர் அப்படியே கலங்கி நின்றது.

என்னைக் கட்டுரை படிக்கக் கூப்பிட்டபோது வலது சிலிண்டர் வழியாகப் பின்னால் இருந்த பேனரின் எழுத்துத் தெரிந்தது. கொடுத்த கட்டுரையைப் படித்தேன். "கடலை யாரும் அலசி வைப்பதில்லை" என்ற இடத்தில் கைதட்டினார்கள். அதன்பின் கட்டுரையில் இல்லாததைச் சொன்னேன்.

"இந்த ரெண்டு சேறும் இறங்குதுறைக்குத் தோண்டப்போற சேறு. நம்ம நிலையம் குடுத்த அறிக்கைல இருக்கிறது இடது பக்கத்துக் கணக்கு. கடல்ல நடக்கப்போறது வலது பக்கம்."

கோதண்டராமன் எழுந்து மைக்கைப் பிடித்தார். "நன்றி மேடம். அடுத்ததாக நினைவுப் பரிசு..."

டாக்டர் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மேசைக்கு வந்தார். குனிந்து வலது சிலிண்டரைப் பார்த்தார். பழைய பழக்கம், கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"எப்பக் கலக்குன?"

"பத்து இருவது சார்."

"தெளிஞ்சது?"

"பதினொண்ணு ஏழு."

"நாப்பத்தேழு நிமிசம்." இடது பக்கம் திரும்பினார். "அறிக்கைல இதா போட்டிருக்கு?"

"ஆமா சார்."

"யாரு கழுவுனா?"

மைக் திறந்துதான் இருந்தது. கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

"நான்தான் சார்."

"தெரிஞ்சா கழுவுன?"

"தெரிஞ்சுதான் சார். தாள்ல மேல ஒங்க பேரு இருந்துச்சு. நீங்க சொல்லித்தான் வந்திருக்குன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "கீழ ஒன் பேரு இருந்துச்சும்மா," என்றார். "ஜெசிந்தா கை பட்ட நம்பர நான் திருப்பிப் பாக்கணுமான்னு, நான் படிக்கவே இல்ல."

முப்பத்தெட்டு வருடத்தில் ஆய்வறிக்கையில் என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு அட்டவணையின் கீழேதான். அதை நம்பித்தான் இந்த மனிதர் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இத்தனை நம்பின கைக்கு ஒரு பெயர் உண்டு என்று இருபத்தாறு வருடம் தோன்றவில்லையா? அதை மேடையிலேயே கேட்டிருப்பேன். அதற்குள் நினைவுப் பரிசைக் கொண்டுவந்து நடுவில் நீட்டிவிட்டார்கள், ஒரு பித்தளைக் கப்பல்.

வெளியே சூசை காலி கேனோடு நின்றான். "அப்ப நீதான் கழுவுனியா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் கேனைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 20, சனி

படுத்துக் கிடந்தேன்.

ஜூலை 22, திங்கள்

மேசைமேல் குறிப்பாணை. பொதுமேடையில் நிலையத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதற்கு விளக்கம் தர வேண்டுமாம், மூன்று நாளில். ஓய்வுக்கால ஆவணங்கள் அதுவரை நிறுத்தி வைக்கப்படுமாம். நிறுத்தட்டும். பதில் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன்: நான் சொன்னதில் எது பொய் என்று குறித்து அனுப்பினால் விளக்கம் தருகிறேன்.

மதியம் டாக்டர் போன் செய்தார்.

"கையெழுத்த வாபஸ் வாங்கி எழுதுதேன். எதனாலன்னு மொதல்ல இருந்து எழுதணும். அந்தத் தண்ணி லாரி வராத நாளு, என்ன தேதி? நீ டைரி எழுதுவேல்லா?"

சாயங்காலம் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். தூக்குச்சட்டிக்குப் பின்னால் இருந்தது. பூச்சி அரித்திருந்தது, எழுத்துப் போகவில்லை. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"19.8.98 புதன். இன்றும் லாரி வரவில்லை. அலுப்பில் கடல்தண்ணீரிலேயே கலக்கி வைத்தேன். கெட்டுப்போயிற்று, சீக்கிரம் தெளிந்துவிட்டது. சாருக்குத் தெரிவதற்குள் தொட்டியில் ஊற்றப் போனேன். சார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஏசுவார் என்று நினைத்தேன். மறுபடி கலக்கச் சொன்னார். மறுபடியும். சாப்பிடப் போகவில்லை, என்னையும் விடவில்லை. கெட்டுப்போனதில் என்ன பார்க்கிறாரோ. சாரின் ஆறு மணிப் பேருந்தும் போய்விட்டது."

நான்கு தரம் படித்தேன். என் கையெழுத்துத்தான். தெரிவதற்குள் ஊற்றப் போயிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக அந்த நாளை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தத் தொட்டி அதில் வந்ததில்லை. யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. நானே ஊற்றப் போனது.

என் கோபத்தில் பாதி இன்றோடு போயிற்று. மீதிப் பாதிக்கு இன்னும் காரணம் இருக்கிறது. பதினோரு பேரோடு பன்னிரண்டாவதாக என் பெயரை எழுத ஒரு வரி போதும். அதை விடமாட்டேன்.

போன் செய்து தேதியை மட்டும் சொன்னேன்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயிலில் கொடியேற்று. போகவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், சாமியாரிடம் எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது?

ஜூலை 30, செவ்வாய்

கல்யாண மண்டபத்தில் கூட்டம். அதிகாரிகள் மணமேடையில், எங்கள் ஆட்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக. கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். நீல அம்புக்குறிகள் சேற்றை ஆழ்கடலுக்குக் கொண்டுபோயின.

டாக்டர் எழுந்து தாளைப் படித்தார். குரல் கம்மியிருந்தது. அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது தன் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன், கழுவிய சேற்றின் கணக்கு இதற்குப் பொருந்தாது, இவ்வளவும் சொன்னார். பிறகு இதையும் படித்தார்.

"உப்புத் தண்ணீரில் சேறு விரைவில் இறங்குவதை எங்கள் ஆய்வகத்தில் 1998 ஆகஸ்ட் 19 அன்று முதலில் கண்டவர் ஜெசிந்தா மச்சாடோ. அவர் பெயரை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும்."

இருபத்தாறு வருடம் காத்திருந்த வாக்கியம். இப்படித்தான் வரும் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பையில் பழைய டைரி கனத்தது. எழுந்தேன்.

"அய்யா, கண்டது நான்தான். கெட்டுப்போச்சுன்னு தொட்டில ஊத்தப் போனதும் நான்தான். கையப் புடிச்சு நிறுத்துனது சார். அதையும் எழுதிக்கோங்க."

மேடையில் இருந்த அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, சேத்தப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"சேத்தப் பத்தித்தான் சொல்லுதேன். இந்த அறிக்கைக்கு அறுபது மாதிரியும் கழுவுனது நான். கழுவக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் கழுவுனேன். அதனால அந்த அட்டவண செல்லாது."

பின்னால் ஒருத்தி, "நம்ம தெருக்காரியா இது?" என்றாள். இன்னொருத்தி என் அம்மா பெயரைச் சொல்லி ஏசினாள். லூர்து அவளை, "சும்மாரு, இப்ப சொல்லுதால்ல?" என்று அதட்டியது கேட்டது. புதிய மாதிரி எடுத்து மறு ஆய்வு செய்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று அதிகாரி எழுதிக்கொண்டார். நாளையே மாதிரி நிலையத்துக்கு வரும் என்றார்.

வெளியே டாக்டர் நிழலில் நின்றார். "ஊத்தப் போனத ஏன் சொன்ன? யாரும் கேக்கலையே," என்றார்.

"நடந்தது அது." பிறகு கேட்டேவிட்டேன். "பதினோரு பேருக்கு எழுதுனியளே சார். என் பேரு ஏன் எழுதல?"

"தோணலம்மா," என்றார்.

ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன், இடமில்லை, அச்சில் விட்டுப்போயிற்று, எதையாவது. தோணல என்றால் என்ன செய்வது? அந்த மனிதரை அங்கேயே நாலு ஏச்சு ஏசினேன். கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் வந்தேன், கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு.

ஜூலை 31, புதன்

கடைசி நாள். பிரிவுபசாரம் எதுவும் இல்லை. குறிப்பாணை வாங்கினவளுக்கு யார் சால்வை போடுவார்கள்?

காலை பத்து மணிக்கு மாதிரி வந்தது. அதிகாரிகளோடு போய் எடுத்துவந்தது சூசையின் வள்ளம். அவனே வாளியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தான். முப்பத்தெட்டு வருடத்தில் என் தம்பி அந்த அறைக்குள் வந்தது இன்றுதான்.

கூடவே வேலைத்தாள் வந்தது. இயக்குநர் கையெழுத்து. முறை என்ற இடத்தில் எழுதியிருந்தது, "வழக்கமான முறை".

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் அடித்தேன். மேலே எழுதினேன், "கழுவக் கூடாது". பக்கத்தில் முழுப் பெயரையும் தேதியையும் போட்டேன். சில்வர் நைட்ரேட் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சூசை சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். கலக்கி வைத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சேறு கட்டி இறங்கியது.

"எவ்ளோ நேரம்?" என்றான்.

"நீயே பாரு." என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஐந்து மணிக்குள் ஆறு தரம் பார்த்துவிட்டேன். மிச்ச மாதிரிகளை எப்படிச் செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி வாளிமேல் ஒட்டினேன். பதிவேட்டில் கடைசியாக எழுதியது இது:

"மாதிரி எண் 1. பார் தண்ணீர். கழுவவில்லை. தெளிந்த நேரம் 46 நிமிடம். கலக்கியவர் ஜெ. மச்சாடோ. நேரம் பார்த்தவர் சூ. மச்சாடோ."

அவன் எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்துவிட்டு, "எம் பேரு எதுக்கு எக்கா?" என்றான்.

"நீதான பாத்த," என்றேன்.